மூட்டுவலித் தைலமும் ‘பேடன்ட்’ என்ற சொல்லும்

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக இருக்கிறேன். வெயிலுக்குப் பேர்போன ஊர்தான் இது. ஆனால் மார்கழி, தை விடியற்காலையில் பனி இறங்கிவிடும். மூட்டுவலிக்காரர்கள் அதிகம் வருவதும் அந்த மாதங்களில்தான். போன மார்கழியில் ஒரு நாள், கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோதே பெரியவர் ஒருவர் வந்து நின்றார். வேட்டி மடிப்பிலிருந்து காலிப் பாட்டில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். எண்ணெய் ஊறி லேபிளில் பாதி அழிந்திருந்தது.

“இதே கம்பெனி, இதே சைஸு குடுப்பா.”

அது இருப்பு இல்லை, வேறொன்று தரட்டுமா தாத்தா என்று கேட்டேன்.

“வேற வாணாம்பா. இது பேடன்ட் மருந்து. கவர்மென்ட்டே ஒத்துக்கினது.”

இந்தப் பேச்சை நான் வாரத்துக்கு நாலு முறையாவது கேட்கிறேன். பேடன்ட் என்றால் அரசாங்கம் சோதித்துப் பார்த்து, இது வேலை செய்யும் என்று முத்திரை குத்திக் கொடுத்தது என்று பலரும் நம்புகிறார்கள். படித்தவர்களும்தான். கடை நேரத்தில் இரண்டு நிமிடத்துக்குமேல் பேச முடிவதில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். பேடன்ட் என்பதைத் தமிழில் காப்புரிமை என்கிறோம். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அதன் செய்முறையை ஒளிவுமறைவில்லாமல் எழுதி அரசிடம் கொடுக்க வேண்டும். பதிலுக்கு அரசு, 20 ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று அவருக்கு உரிமை தரும். அந்தக் காலம் முடிந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொருளே ‘திறந்திருப்பது’ என்பதுதான். எல்லோரும் படிக்கட்டும் என்று அரசர் முத்திரை வைத்துத் திறந்த மடலாகக் கொடுத்த உரிமைக் கடிதத்திலிருந்து வந்த பெயர் அது.

பழைய இங்கிலாந்தில் சில மருந்துகளுக்கு அப்படி அரச கடிதம் கிடைத்தது. அந்த மதிப்பைப் பார்த்து மற்ற வியாபாரிகளும் தங்கள் சரக்கைப் பேடன்ட் மருந்து என்றே கூவி விற்க ஆரம்பித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காப்புரிமை வாங்கவே இல்லை. வாங்கப் போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், ரகசியம் போய்விடும். பெயர், பாட்டிலின் வடிவம், லேபிளில் உள்ள படம், இவற்றைத்தான் அவர்கள் தங்களுக்கென்று காத்துக்கொண்டார்கள். திறந்து காட்டுவது என்று பொருள்படும் சொல் இப்படித்தான் மூடி வைத்த மருந்துக்குப் பெயராகிப் போனது.

சரி, உண்மையாகவே காப்புரிமை வாங்கிய மருந்து என்றால் குணமாகுமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை. இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. மூட்டுவலி பற்றியதே. எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் எலிஷா பெர்கின்ஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1796-இல் அவர் இரண்டு உலோகக் குச்சிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். ஒவ்வொன்றும் சுமார் 3 அங்குலம், ஒரு முனை கூர்மை. வலிக்கும் இடத்தில் அந்தக் குச்சியால் மெல்ல இழுத்து இழுத்துத் தடவினால், உடம்பில் தேங்கிய கெட்ட மின்சாரம் வெளியேறி வாதவலி போய்விடும் என்றார். லண்டன் வரைக்கும் அது பரவியது. அங்கே ஒரு ஜோடி 5 கினி (அன்றைய ஆங்கிலப் பொற்காசு). அன்றைக்கு அது சாமானியர் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. நடக்க முடியாதவர் நடந்தார், கையைத் தூக்க முடியாதவர் தூக்கினார் என்று சாட்சிகள் குவிந்தன.

இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். 1799 ஜனவரியில், உலோகக் குச்சியைப் போலவே வண்ணம் பூசிய மரக்குச்சிகளைச் செய்தார். நாள்பட்ட வாதவலி உள்ள 5 நோயாளிகளுக்கு அவற்றால் தடவிவிட்டார். மரம் என்று அவர்களுக்குத் தெரியாது. 5 பேரில் 4 பேர், வலி குறைந்துவிட்டது என்றார்கள். மறுநாள் அசல் உலோகக் குச்சியால் தடவியபோதும் ஏறக்குறைய அதே பலன்தான்.

அந்த 4 பேரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. குறைத்தது உலோகம் அல்ல, அவ்வளவுதான். மருந்து வாங்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நூறு ஆண்டுகள் கழித்து அதே அமெரிக்காவில் கிளார்க் ஸ்டான்லி என்பவர் வாதவலிக்குப் பாம்பு எண்ணெய் விற்றார். 1906-இல் அங்கே உணவு, மருந்துச் சட்டம் வந்த பிறகு, அரசு அவருடைய சரக்கைப் பிடித்துப் பகுத்துப் பார்த்தது. பெரும்பகுதி மினரல் ஆயில், கொஞ்சம் மாட்டுக் கொழுப்பாக இருக்கக்கூடிய ஒன்று, மிளகாய்ச் சத்து. பாம்பு இல்லவே இல்லை. நம் பக்கத்துத் திருவிழாக்களில் உடும்புத் தைலம், மயில் எண்ணெய் என்று விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டில் ஞாபகம் வரும். மயிலையும் உடும்பையும் கொல்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உள்ளே இருப்பது நிஜமான உடும்புக் கொழுப்பு என்றால் அது குற்றம், இல்லை என்றால் ஏமாற்று. எப்படிப் பார்த்தாலும் வாங்கக் கூடாத பொருள்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் ‘பேடன்ட் அல்லது ப்ராப்ரைட்டரி மருந்து’ என்ற சொல்லே இருக்கிறது. அதற்கும் 20 ஆண்டுக் காப்புரிமைக்கும் சம்பந்தம் கிடையாது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளை இப்படிப் புரிந்துகொண்டால் போதும். பிண்ட தைலம், வாதகேசரித் தைலம் என்று பழைய நூலில் சொன்ன பெயரிலும் அளவிலும் செய்வது சாஸ்திர மருந்து. அதை எந்தக் கம்பெனியும் அதே பெயரில் விற்கலாம். அந்த நூல்களில் உள்ள சரக்குகளையே எடுத்து, ஒரு கம்பெனி தன் சொந்தக் கணக்கில் கலந்து, தன் சொந்தப் பெயர் வைத்து விற்றால் அது ப்ராப்ரைட்டரி மருந்து. கடைப் பேச்சில் ‘பேடன்ட்’. தயாரிக்க லைசென்ஸ் வேண்டும், லேபிளில் சரக்குப் பட்டியல் வேண்டும். ஆனால் ஒரு புது அலோபதி மருந்துக்குக் கேட்பதுபோல ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துக் காட்டு என்று கேட்பதில்லை. பெரியவர் சொன்ன ‘கவர்மென்ட் ஒத்துக்கினது’ என்பது அந்த லைசென்ஸ் எண் மட்டுமே.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1954-இல் வந்த மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டம். இன்ன நோய்களைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என 54 நோய்களின் பட்டியல் அதில் உண்டு. புற்றுநோய், சர்க்கரை நோய், இதய நோய்களோடு வாதவலியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ‘மூட்டுவாதம் 30 நாளில் வேரோடு போகும்’ என்று சுவரிலோ போனிலோ பார்த்தால், மருந்து எப்படி இருந்தாலும் அந்த விளம்பரமே சட்டத்தை மீறியது. ‘வலிக்கு இதம் தரும்’ என்று அடக்கமாக எழுதும் கம்பெனிகள் மற்றவர்களைவிட நம்பகமானவை என்பது என் அனுபவம்.

இப்போது பாட்டிலைத் திருப்பிப் பார்ப்போம். எனக்கு முன்னால் ஒரு 60 மில்லி தைலம் இருக்கிறது. பின்பக்கம் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் பட்டியல்: வின்டர்கிரீன் எண்ணெய், கற்பூரம், புதினா உப்பு, நீலகிரித் தைலம், டர்பன்டைன், மீதி நல்லெண்ணெய். பெயர் மாறும், நிறம் மாறும், வாசனை கொஞ்சம் மாறும். கடையில் உள்ள பத்து வலித் தைலத்தில் ஏழு எட்டு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். மிளகாய்ச் சத்து சேர்த்தவையும் உண்டு.

இவை எப்படி வேலை செய்கின்றன? முழங்கை கதவில் இடித்துக்கொண்டால் உடனே கை தன்னால் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது அல்லவா? தேய்ப்பு, சூடு, குளிர்ச்சி போன்ற உணர்வுகள் தண்டுவடத்துக்குப் போய்ச் சேரும்போது, வலிச் செய்தி உள்ளே நுழையும் வாசல் கொஞ்சம் சாத்திக்கொள்கிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் சொன்ன விளக்கம் இது. புதினா உப்பு தோலில் பட்டதும் சில்லென்கிறது. உண்மையில் தோல் குளிர்ந்துவிடவில்லை, குளிரை உணரும் நரம்பின் பூட்டைப் புதினா உப்பு திறக்கிறது. மிளகாய் அதேபோலச் சூட்டை உணரும் பூட்டைத் திறக்கிறது. இந்தப் பூட்டுகளைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வின்டர்கிரீன் எண்ணெய் வேறு வகை. நீலகிரி மலையில் வளரும் ஒரு செடியின் இலையிலிருந்து அதை வடிக்கிறார்கள், தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம். கொஞ்சம் தோல் வழியே உள்ளேயும் இறங்கும்.

ஆக, தைலம் தேய்த்தால் வலி குறைகிறது என்பது பிரமை இல்லை. மகளோ மருமகளோ பத்து நிமிடம் உட்கார்ந்து தேய்த்துவிடும் கைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் இது வலியின் சத்தத்தைக் குறைக்கும், வலிக்குக் காரணமானதைத் தொடாது. தேய்ந்த எலும்பை வளர்க்காது, மூட்டுக்குள் நடக்கும் அழற்சியை நிறுத்தாது.

பிறகு ஏன் ‘இந்தத் தைலத்தால்தான் எனக்கு விட்டது’ என்று இத்தனை பேர் சொல்கிறார்கள்? மூட்டுவலி ஏறி இறங்கும் இயல்புள்ளது. தாங்க முடியாமல் போகும் நாளில்தான் யாரும் கடைக்கு வருவார்கள். உச்சிக்கு ஏறிய வலி, ஒன்றும் செய்யாவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் இறங்கும். அந்தப் பத்து நாளில் எதைத் தேய்த்தோமோ அதற்குப் பேர் போய்ச் சேர்கிறது. மரக்குச்சிக்குப் போனதுபோல.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. நாம் ‘வாதம்’, ‘வாயு’ என்று ஒரே சொல்லில் அடக்குவது ஒரே நோய் இல்லை. யூகி முனிவர் வாத நோய்களை 80 வகையாகப் பிரித்து வைத்தார். நம் முன்னோர்களே ஒன்றென்று நினைக்கவில்லை. இன்றைய மருத்துவமும் அப்படித்தான். ஐம்பது அறுபது வயதில் முழங்கால் தேய்மானம் ஒன்று. யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் திடீரென்று நெருப்பாய்ச் சிவப்பது வேறு. சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் இழுக்கும் வலி வேறு. தொண்டைவலிக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மூட்டாக மாறி மாறி வீங்கினால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். அது மூட்டைத் தடவிவிட்டு இதய வால்வைப் பிடிக்கும் நோய். பிள்ளைக்குத் தைலம் தேய்த்துப் பார்ப்போம் என்று ஒரு வாரம்கூடக் கடத்தக் கூடாது.

அப்புறம் முடக்குவாதம். இதைப் பற்றி எழுதும்போது எனக்கு என் சின்னம்மா நினைவுதான் வரும்.

சின்னம்மா குடியாத்தத்தில் இருக்கிறார். பதினைந்து வயதிலிருந்து பீடி சுற்றியவர். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டுவது வரை கண்ணை மூடிக்கொண்டே செய்வார். நாற்பத்திரண்டாம் வயதில் ஒரு நாள், “காலைல விரலு மடங்க மாட்டேங்குதுடா” என்றார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்கு உட்கார்ந்தால், பத்து மணிவரை நூல் முடிச்சு போட வராது. பத்துக்குமேல் கொஞ்சம் சரியாகும். வேலை செய்த கை, வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னோம். மருந்தாளுநர் படிப்பு முடித்திருந்த நானும் சொன்னேன். கடையிலிருந்து மாதம் இரண்டு பாட்டில் தைலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் என்றால் உயிரை விடுவார், வாயு என்று அதையும் நிறுத்தினார். இரண்டு வருடம் போனது. அப்போது அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கையிலும் விரல் தொடங்கும் முட்டிகள் மாவு வைத்தாற்போலப் பொதபொதவென்று வீங்கி, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. தடுக்காமல் விட்டால் எலும்பை அரித்துவிடும். அரித்தது திரும்ப வளராது. அதனால்தான் முதல் சில மாதங்கள் பொன்னானவை. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் அந்தத் தாக்குதலையே அடக்குகின்றன. அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், அட்டையின்மேல் கிழமையைப் பேனாவில் எழுதித்தான் நான் கொடுப்பேன். 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் சின்னதாகத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இன்று மூட்டு, எதிர்ப்பு சக்தி நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வருகிறார்கள். எதிரே உள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முப்பது கிலோமீட்டரில் இத்தனையும் இருக்க, நாங்கள் இரண்டு வருடம் தைலம் தேய்த்தோம். அந்த இரண்டு வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

தேய்மானமா, முடக்குவாதமா என்று வீட்டிலேயே ஓரளவு ஊகிக்கலாம். தேய்மானத்தில் காலைப் பிடிப்பு கால் மணி, அரை மணியில் விடும். நடக்க நடக்க, படி ஏற ஏற வலி கூடும். முடக்குவாதத்தில் காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்குமேல் நிற்கும். இரண்டு கையிலும் ஒரேபோல வரும், வீக்கம் மெத்தென்று இருக்கும், உடம்பு அசதியாக இருக்கும், வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் இளகும். இரண்டாவது வகை ஆறு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே.

தைலத்தைவிட எனக்குப் பயம் தருவது உள்ளுக்குச் சாப்பிடும் பொடி. லேபிள் இல்லாத பொட்டலம், ‘நூறு சதவீதம் மூலிகை’. ஊரில் யாரோ சொல்லி, எங்கோ பஸ் பிடித்துப் போய் வாங்கி வருவார்கள். மூன்றாம் நாளே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் நிலா மாதிரி உப்பும். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. டெக்சாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டையோ டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையையோ அரைத்துக் கலந்த பொடிகள் சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. 1948-இல் முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்து அவரை எழுந்து நடக்க வைத்த பிலிப் ஹென்ச் 1950-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஆனால் அளவு தெரியாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலிந்து எளிதில் உடையும். உடம்பு தானே சுரக்க வேண்டியதை நிறுத்திக்கொள்ளும். அப்படிப்பட்ட பொடியை நெடுநாள் சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் மயங்கி விழக்கூடும். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். சித்த வைத்தியம் வேண்டும் என்பவர்களை நான் தடுப்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. பட்டம் பெற்ற மருத்துவர், பெயர் எழுதிய மருந்து. அங்கே போங்கள் என்றுதான் அனுப்புகிறேன். முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்துச் சுட்டுச் சாப்பிடுவதிலும் தவறில்லை, எங்கள் வீட்டிலும் உண்டு.

தைலம் வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சரக்குப் பட்டியல், இவற்றில் எது இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். தேய்த்த இடத்தில் இறுக்கமாகத் துணி கட்டுவது, உடனே சுடுநீர் ஒத்தடம் கொடுப்பது இரண்டும் வேண்டாம், தோல் வெந்துபோகும். புண்மேல் படக் கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் பாட்டிலை வைப்பது மிகப் பெரிய ஆபத்து. கலப்பில்லாத வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூனில் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான சத்து இருக்கிறது. 325 மில்லிகிராம் மாத்திரை இருபதுக்கும்மேல் ஒரே மடக்கில் விழுங்கியது மாதிரி. சின்னப் பிள்ளையின் உயிர் போக அது போதும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். முழங்கால் தேய்மானக்காரர்கள், தைலத்தோடு தொடைத் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி, இறக்குங்கள். தினமும் செய்தால் மாதம் இரண்டில் படி ஏறும்போது வித்தியாசம் தெரியும்.

அன்று அந்தப் பெரியவரிடம், காலையில் எவ்வளவு நேரம் பிடிப்பு இருக்கிறது என்று கேட்டேன். பத்து நிமிஷம் என்றார். முழங்கால் தேய்மானம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறாராம். சரி, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றேன். சட்டைப் பையில் கைவிட்டு, ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டை எடுத்துக் காட்டினார். மூன்றாவது அட்டை வார்ஃபரின். வால்வு ஆபரேஷன் செய்து ஐந்து வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் அந்த மாத்திரையோடு, வின்டர்கிரீன் எண்ணெயை நாள்தோறும் கால் முழுக்கத் தேய்த்தால் ரத்தக்கசிவு அதிகமாகக்கூடும். பல் விளக்கும்போது ரத்தம் வருகிறதா என்று கேட்டேன்.

“வருதுப்பா. பிரஷ்ஷு சரியில்லன்னு மாத்தினேன்.”

தைலம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு சுடுநீர்ப் பை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். துண்டுச் சீட்டில் ‘மூட்டுவலித் தைலம் தினமும் தேய்த்திருக்கிறார், ஈறில் ரத்தம்’ என்று எழுதி, காலிப் பாட்டிலையும் அதோடு சேர்த்து ஒரு கவரில் போட்டேன். அவர் மகனைப் போனில் பிடித்து, இன்றைக்கே இதய டாக்டரிடம் காட்டி ரத்தம் உறையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். மகன் பைக்கில் வரும்வரை தாத்தா கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். கவரிலிருந்து பாட்டிலை எடுத்து, அழியாமல் மிச்சமிருந்த லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.